கலலூவும் நம் கீரையும் ஒன்றுதானா? (விதை கேட்பவர்களும் இங்கேயே கேட்கலாம்)

கேள்வி, பெப்ரவரி 18

கரிபியன் கடையில் 'கலலூ' என்று ஒரு கட்டுக் கீரை நாலு டொலருக்கு விற்கிறார்கள். பார்த்தால் நம்முடைய கீரை மாதிரியே இருக்கிறது. வாங்கிச் சமைத்தேன், ருசியும் கிட்டத்தட்ட அதுதான். பெயரை மாற்றிக் காசு பார்க்கிறார்கள் என்பது என் கட்சி. இந்தக் கோடைக்குப் பின்வளவில் போட நினைக்கிறேன். யாரிடமாவது கலலூ விதை இருக்கிறதா, இல்லை தமிழ்க்கடை முளைக்கீரை விதையே போதுமா? நான் இருப்பது கனடாவில், ரொறொன்ரோவுக்குப் பக்கத்து பிராம்டனில்.

பதில், பெப்ரவரி 18, இரவு

உங்கள் கட்சிதான் நானும். ஜமேக்காக்காரர் கலலூ என்பது நம்முடைய குப்பைக்கீரை. தாவரப் பெயர் அமராந்தஸ் விரிடிஸ். ஊரில் கிணற்றடியில் தானாக முளைத்து, ஆடு தின்றது போக மிச்சத்தை அம்மா பிடுங்கிச் சுண்டுவாரே, அது. விதை என்னிடம் உண்டு. பக்கத்து வீட்டு ஜமேக்கா அன்ரி தந்ததைப் போன வருடம் ஸ்காபரோவில் என் வளவில் போட்டு, ஒக்டோபரில் விதை எடுத்தேன். நூலகத்தில் விதை பகிரும் மேசையில் 11 பேருக்குக் கொடுத்தது போக ஜாம் போத்தலில் கால்வாசி கிடக்கிறது. முகவரியைத் தனிமடலில் போடுங்கள்.

பெப்ரவரி 20

மேலே எழுதியது கொஞ்சம் அவசரம். இரண்டு பேர் தனிமடலில் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருவர் சொல்வது: ஜமேக்காவில் கலலூ என்று விற்பது ஒரே இனம் இல்லை, விரிடிஸும் இருக்கும், வேறு அமராந்தஸ்களும் இருக்கும். சரி. நம் ஊரில் மட்டும் என்ன, தண்டுக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை என்று ஒரே குடும்பத்துக்கு எத்தனை பெயர். சந்தைக்குச் சந்தை பெயர் மாறும்.

மற்றவர் டிரினிடாட்காரரோடு வேலை செய்பவர். 'கலலூ என்றால் கீரையே இல்லை, அது ஒரு குழம்பு' என்கிறாராம் அந்த டிரினிடாட்காரர். இதைப் பற்றி என்னிடம் ஒரு சோகக் கதை இருக்கிறது. இன்னொரு நாள்.

பிராம்டன்காரருக்கு விதை தபாலில் போய்விட்டது.

மார்ச் 3

பெயர் விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது போலிருக்கிறது, இன்னும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ஜமேக்காவில் கலலூ என்பது செடி. கீரைத் தண்டும் இலையும். காலைச் சாப்பாட்டுக்கு உப்புக் கருவாட்டோடு வதக்குவார்கள்.

டிரினிடாடில் கலலூ என்பது சமைத்த பண்டம். அதில் போடும் இலை சேம்பு. அங்கே அதற்கு 'டஷீன்' என்று பெயர். வெண்டைக்காய், பூசணி, தேங்காய்ப்பால், வசதியிருந்தால் நண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு அது இல்லாமல் முடியாது. அமராந்தஸ் கீரையை அங்கே 'பாஜி' என்கிறார்கள். 1845-இல் இந்தியாவிலிருந்து முதல் கப்பல் போனதிலிருந்து கூலிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் போஜ்புரி பேசும் பக்கத்து ஆட்கள், அதனால் கீரைப் பெயரெல்லாம் ஹிந்திச் சாயல். நம் பசளியை 'போய் பாஜி' என்பார்கள். முருங்கை கூட 'சைஜன்'தான்.

ஆனால் மதராஸிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அங்கே கறிவேப்பிலையை 'கராபுலே' என்கிறார்கள். வாயால் சொல்லிப் பாருங்கள். எத்தனை கடல் தாண்டியும் 'கறிவேப்பிலை' உள்ளே கிடக்கிறது. இதைக் கேட்ட அன்று அம்மாவிடம் சொன்னேன். 'அப்ப கீரைப் பேரைச் சொல்லிக் குடுக்க ஒருத்தரும் போகேல்லையோ?' என்றார்.

மார்ச் 4

பிரேசிலில் இந்தக் கீரைக்கு என்ன பெயர் என்று ஒருவர் கேட்கிறார். அவ்வளவு தூரம் நான் போக விரும்பவில்லை. கேட்டவர் தனி இழை தொடங்கலாம்.

மார்ச் 29

எப்போது விதைப்பது என்று கேட்பவர்களுக்கு: இப்போது வேண்டாம்.

இந்த விதைக்குச் சூடு வேண்டும். மண் குளிர்ந்திருந்தால் முளைக்காது. ஏப்ரல் நடுவில் வீட்டுக்குள் சாடியில் போட்டு, விக்டோரியா நாள் வார இறுதிக்குப் பிறகு (மே மூன்றாம் வாரம் அளவில்) வெளியே நடுவது இந்த ஊர் வழக்கம். பிந்தினாலும் ஒன்றும் கெடாது. ஜூனில் நேரே மண்ணில் போட்டாலே பிய்த்துக்கொண்டு வளரும்.

விதை மிகச் சிறிது. ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். கையால் தூவினால் ஒரு மூலையில் காடு, மற்ற மூலையில் பாலைவனம். ஒரு சிட்டிகை விதைக்கு ஒரு கைப்பிடி காய்ந்த மணலைக் கலந்து தூவுங்கள். மேலே மண் மூட வேண்டாம், உள்ளங்கையால் மெல்ல அமுக்கினால் போதும். தண்ணீரை வாளியால் ஊற்றாமல் தெளிக்கவும். ஊரில் அம்மா விதைத்த பாத்தியைச் சுற்றிக் குறுணல் அரிசி தூவுவார், எறும்பு அதை இழுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும் என்று. இங்கே எறும்பு பரவாயில்லை. நமக்கு எதிரி அணிலும் முயலும். அவற்றுக்குக் குறுணல் போட்டுக் கட்டுபடியாகாது.

ஏப்ரல் 26

முளைத்துவிட்டது. நாலாம் நாள். சிவப்பு நூல் போல.

மே 3

பாதி நாற்று படுத்துவிட்டது. தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் கறுத்து, நூலறுந்த மாதிரி. காரணம் நானேதான்: பேஸ்மென்டில் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமல் ஐந்து நாள் விட்டேன். முளைத்த அன்றே மூடியை எடுத்துவிட்டுச் சின்ன விசிறி ஒன்றை ஓடவிடுங்கள். மிஞ்சிய விதையில் மறுபடி போட்டிருக்கிறேன்.

மே 14

இரண்டு நாள் வெயில் அடித்ததைப் பார்த்து மனம் கேட்காமல் பத்து நாற்றை வெளியே நட்டேன். நேற்று இரவு உறைபனி. காலையில் பார்த்தால் பத்தும் வேகவைத்த கீரை.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அன்ரி எட்டிப் பார்த்தார். இங்கே வந்து நாற்பது வருடம் ஆனவர். ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடைய நாற்றுச் சாடிகளை ஜன்னலுக்குள்ளே காட்டினார், அவ்வளவுதான்.

ஜூன் 8

இப்போது எல்லாம் வெளியே. நாற்பது செடி அளவில். பிராம்டன்காரரும் நட்டுவிட்டாராம், மாட்டெரு போட்டு. படம் அனுப்பினார், நன்றாக இருக்கிறது.

ஜூன் 24

இதை எழுத இரண்டு நாள் யோசித்தேன்.

முந்தாநாள் பின்னேரம் அம்மாவைக் கதிரையில் இருத்தி, முதல் தடவை கிள்ளிய கீரையை மடியில் கொடுத்தேன். அவருக்குக் கண் சரியில்லை, எல்லாம் கையால்தான். தண்டைப் பெருவிரலால் மேலிருந்து கீழே தடவினார். ஒன்றை இடப்பக்கம் போட்டார், அடுத்த மூன்றை வலப்பக்கம். பிறகு ஒன்று இடம், நாலு வலம். நான் காம்பை ஆய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு வலப்பக்கக் குவியலைத் தட்டி, 'இது என்ன, மயிரா கிடக்கு, நெருடுது. ஆட்டுக்குப் போடு' என்றார்.

எடுத்துக்கொண்டு போய் வெளிச்சத்தில் பார்த்தேன். மேல் தண்டு முழுவதும் பூனை ரோமம். திரும்பிப் போய் ஒரு செடியை வேரோடு பிடுங்கினேன். ஆணிவேர் சிவப்பு. இது ஒன்ராறியோ முழுக்க வயல்களில் நிற்கிற களை அமராந்தஸ். 'பிக்வீட்' என்பார்கள், ரெட்ரோஃபிளெக்ஸஸ். கலலூ இல்லை.

நாற்பதில் சுமார் முப்பது அதுதான்.

எப்படி நடந்தது என்பதும் புரிகிறது. போன வருடம் விதைக்கென்று மூலையில் இரண்டு கலலூச் செடியை விட்டேன். அதற்குப் பக்கத்தில் தானாக வந்த செடிகளையும் கலலூ என்றே நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். ஒக்டோபரில் இருட்டுகிற நேரம், மழை வருகிறது, எல்லாக் கதிர்களையும் சேர்த்து வெட்டி ஒரே பைக்குள் போட்டேன். விதை இரண்டுக்கும் ஒரே மாதிரி: கறுப்பு, மினுமினுப்பு, கடுகை விடச் சின்னது. கண்ணால் பிரிக்க வழியில்லை.

அந்தப் போத்தலிலிருந்துதான் 11 பேருக்குக் கொடுத்தேன். பிராம்டன்காரர் பன்னிரண்டாவது. மாட்டெரு போட்டு வளர்க்கிறார்.

ஜூன் 25

என்னிடம் விதை வாங்கியவர்கள் தயவுசெய்து இன்றே செய்ய வேண்டியது:

மேல் தண்டை விரலால் தடவுங்கள். கலலூத் தண்டு வழுவழுப்பு. ரோமம் நெருடினால் களை. சந்தேகம் இருந்தால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், சிவப்போடியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பூக்க விடாதீர்கள். ஒரு செடி கொட்டும் விதைக்குக் கணக்கே இல்லை, மண்ணுக்குள் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். பூத்துவிட்டதை உரக்குவியலில் போடாமல் குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள்.

அந்த 11 பேரில் நாலு பேர் இங்கே வருபவர்கள், அவர்களுக்கு எழுதிவிட்டேன். மற்ற ஏழு பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒரு பெண்மணி பச்சைக் குளிர் சட்டை போட்டிருந்தார். ஒருவர் மகனுக்காக வாங்கினார். இவ்வளவுதான் நினைவிருக்கிறது. நூலக மேசையில் ஒரு துண்டு எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 25, பிறகு

'நீர் முதலே தடவிப் பார்த்திருக்கலாமே' என்று எழுதியவருக்கு: ஓம்.

ஜூலை 9

பிராம்டன்காரரின் பதிலை அவர் அனுமதியோடு சுருக்கிப் போடுகிறேன். என் கடிதம் கிடைக்கும்போது மூன்று தடவை சமைத்துச் சாப்பிட்டாயிற்றாம். வேலையிடத்தில் ஜமேக்கா நண்பருக்குக் கொடுத்து, அவரும் 'நல்ல கலலூ' என்றாராம். இப்போது அந்த நண்பருக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அவர் கவலை.

சொல்ல வேண்டாம் என்று எழுதினேன். அதுவும் தின்னும் கீரைதான், இளசாக இருந்தால். முற்றினால் நாராகும், ரோமம் நாக்கில் தட்டும். பயிர் உரம் வாரியிறைத்த வயலோரத்தில் பிடுங்கித் தின்ன வேண்டாம், இந்தச் செடிகள் நைட்ரேட்டை உறிஞ்சித் தண்டில் சேர்த்து வைக்கும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் எந்த அமராந்தஸையும் அளவோடு.

ஆக, தின்பதற்குக் குற்றமில்லை. விதை என்று கொடுத்ததுதான் குற்றம்.

ஜூலை 13

சமையல் கேட்டவர்களுக்கு, அன்ரி செய்யும் விதம். அவருடைய பாத்தி சுத்தம், அவருடைய சொந்த விதை. அங்கிருந்து கிள்ளி வந்து என் கண் முன்னால் செய்தார்.

நாம் இலையை ஆய்ந்து தண்டை யோசிப்போம். அவர் தண்டில்தான் தொடங்கினார். அடியில் கத்தி முனையால் தோலைக் கொத்திப் பிடித்து ஒரு இழுப்பு, வாழைநார் மாதிரி நீளமாக உரிந்து வந்தது. உரித்த தண்டு கண்ணாடிப் பச்சை. உப்புத் தண்ணீரில் இலையை ஊறப்போட்டார், புழு இருந்தால் மேலே வரும் என்று. வெங்காயம், உள்ளி, வெங்காயத் தாள், தக்காளி, ஒரு கொத்துத் தைம். ஸ்கொச் பொனட் மிளகாயைக் கீறாமல் முழுசாக மேலே வைத்தார், வாசம் இறங்க வேண்டும், உறைப்பு இறங்கக் கூடாது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை, கழுவிய ஈரமே போதும். மூடி பத்து நிமிடம். ஏற்கெனவே ஊறவைத்து அவித்து உதிர்த்த உப்பு மீன் கடைசியில்.

அடுத்த நாள் மனைவி நம் முறையில் வறை செய்து கொடுத்தனுப்பினார். கடுகு, செத்தல், தேங்காய்ப்பூ. அன்ரி சாப்பிட்டுவிட்டுச் சொன்னது: 'நல்லாயிருக்கு. ஆனால் ஏன் தேங்காயைப் பாலாக்காமல் விட்டீர்கள், அவசரமா?'

ஓகஸ்ட் 2

சரி, டிரினிடாட் கதை.

மூன்று வருடத்துக்கு முன் தமிழ்க்கடையில் சேப்பங்கிழங்கு வாங்கி, முளைவிட்ட நாலைச் சாடியில் ஊன்றினேன். இலை யானைக் காது போல வந்தது. என் வேலையிடத்து டிரினிடாட்காரர் ஒருவர் கலலூ செய்முறை சொல்லியிருந்தார், எழுதியும் வைத்திருந்தேன். அதில் 'நன்றாக வேகும் வரை' என்று இருந்தது. நான் கீரை கணக்கில் பதினைந்து நிமிடம் வைத்து இறக்கிவிட்டேன்.

முதல் கரண்டியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் தொண்டைக்குள் யாரோ முள்ளுக்கம்பளியை இழுத்த மாதிரி. மகள் அழுதாள். மனைவி ஒரு கிழமை அந்தப் பானையைத் தொடவில்லை. சேம்பிலையில் ஊசி போன்ற நுண்ணிய கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, வெந்து குழையும்வரை அரிக்கும். நம் ஊரில் புளி விடுவது எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

பிற்பாடு அவர் வீட்டில் சாப்பிட்டேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் தேங்காய்ப்பாலில் வேகவிட்டார், நடு நரம்பைச் சீவி எறிந்துவிட்டு. கடைசியில் மரத்தில் செய்த ஒரு கோலை எடுத்து, அடி பானைக்குள், மேல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக் கடைந்தார். 'சுவிஸ்ஸல் ஸ்டிக்' (swizzle stick) என்றார். எங்கள் வீட்டு மத்து! அம்மா மோர் கடைவது போலவே, கை மேலிருந்து கீழே வழுகி மறுபடி மேலே போனது. பச்சைக் கூழாக வந்தது. எனக்கு அதில் நண்டைவிட வெண்டைக்காய் வழுவழுப்புத்தான் பிடித்தது, இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சேம்பு விதையில் இல்லை, கிழங்கில்தான் போடுவது. பனிக்கு முன் சாடியோடு உள்ளே எடுத்துக் காயப்போட்டு வையுங்கள். பங்கிடுவதும் சுலபம், பக்கக் கிழங்கைப் பிய்த்துக் கொடுத்தால் போதும். அதில் களை கலக்காது, என்னைப் போன்றவர்களுக்கு ஏற்றது.

ஓகஸ்ட் 24

ரோமச் செடிகளைப் பிடுங்கிய பிறகு என்னிடம் மிஞ்சியது ஒன்பது. பூத்திருக்கின்றன. இப்போது ஒரு பெரிய பிழையைத் திருத்த வேண்டும், முதல் நாள் எழுதியதை.

குப்பைக்கீரை, அதாவது விரிடிஸ், எனக்கு ஊரில் தெரிந்த செடி. இலை நுனியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், பல் பட்ட மாதிரி. அன்ரியின் கலலூ இலை அகலம், நுனி அவ்வளவாக வெட்டுப்படவில்லை. அதை நான் 'நல்ல எருவில் வளர்ந்த குப்பைக்கீரை' என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று முற்றிய கதிர் ஒன்றை வெள்ளைத் தாளில் உதறி, மகளின் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். விரிடிஸின் காய் வெடிக்காது. சுருக்கம் விழுந்த தோலோடு விதை அப்படியே விழும். இதில் விதைகள் தோலில்லாமல் கறுப்பாக உருண்டன. பக்கத்தில் குட்டிக் குட்டித் தொப்பிகள். காய் ஒவ்வொன்றும் குங்குமச் சிமிழ். நடுவில் வளையமாக வெட்டு விழுந்து மேல்மூடி தனியாகக் கழன்றிருக்கிறது. அரை மணி நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மனைவி சாப்பாட்டுக்கு இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார்.

ஆகவே அன்ரியின் கலலூ குப்பைக்கீரை இல்லை. கதிரின் நீளம், இலை, மூடி எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் அமராந்தஸ் டூபியஸ் என்றுதான் இப்போது நினைக்கிறேன். கரிபியன் பக்கத்துச் சொந்தச் செடி. வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டு அரைக்கீரைக்கும் பலர் இதே தாவரப் பெயரைத்தான் சொல்கிறார்கள். டூபியஸ் என்றால் லத்தீனில் 'சந்தேகத்துக்குரிய' என்று பொருள். பெயர் வைத்தவனுக்கே சந்தேகம், நான் எந்த மூலை.

கவனம்: ரோமக் களையின் காயும் இதே போல மூடி கழலும். மூடியை மட்டும் பார்த்துக் கலலூ என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் தண்டு, பிறகுதான் சிமிழ்.

ஓகஸ்ட் 25

பிராம்டன்காரர் கேட்கிறார், அப்படியானால் அவர் கடையில் வாங்கிய நாலு டொலர்க் கட்டு எது? இலை நுனியில் வெட்டு இருந்ததா என்று கேட்டேன். 'சாப்பிட்டுவிட்டேன்' என்கிறார்.

செப்டெம்பர் 21

விதை எடுத்தாயிற்று. இந்த முறை பகலில், மூக்குக் கண்ணாடியோடு.

வெட்டும் நேரம்: கதிர் பச்சையாகவே இருக்கும், ஏமாற வேண்டாம். உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினால் கறுப்பு விதை விழ வேண்டும். முழுக்கக் காயக் காத்திருந்தால் பாதி மண்ணுக்கு, மீதி குருவிக்கு. கதிரை வெட்டிக் காகிதப் பையில் தலைகீழாகப் போட்டு இரண்டு கிழமை. பிளாஸ்டிக் பை என்றால் பூஞ்சணம் நிச்சயம்.

பிறகு கையால் கசக்கி, மாவரியில் அரித்து, சுளகில் புடைத்தல். சென்ற வருடம் பேஸ்மென்டில் மின்விசிறி முன்னால் பிடித்துப் பாதி விதையைச் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் அனுப்பினேன். இந்த முறை சுளகை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டேன். கண் தெரியாதவர் எப்படிப் புடைப்பார் என்று மகள் கேட்டாள். சத்தத்தில். உமி இருக்கும்வரை 'சர்ர்' என்கிறது, போன பிறகு மழைத்தூறல் மாதிரி 'சிலுசிலு' என்கிறது. அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

ஒன்பது செடியில் ஒரு தேநீர்க் கோப்பை நிறைய. நன்றாகக் காய்ந்த விதையைப் போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நாலைந்து வருடம் முளைப்பு இருக்கும்.

ஒக்டோபர் 12

இழை கலலூவை விட்டு ஓடுகிறது, பரவாயில்லை. 'சொரெல்' பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

ஜமேக்காவில் நத்தாருக்குக் குடிக்கும் சிவப்புப் பானம். இஞ்சி போட்டு, பெரியவர்களுக்கு ரம் விட்டு. செடி நம்முடைய புளிச்சக்கீரை இனம்தான், அவர்களுக்கு வேண்டியது பூவைச் சுற்றியிருக்கும் சிவப்புப் புல்லி, நமக்கு வேண்டியது இலை. நாலு வீடு தள்ளி ஆந்திரா நண்பர் இருக்கிறார், கோங்குரா என்று உயிரை விடுவார். அன்ரி அவருக்கு ஏப்ரலில் விதை கொடுத்தார், இருவரும் ஒரே விதை போட்டார்கள்.

இது பகல் குறுகினால்தான் பூக்கிற செடி. ரொறொன்ரோக் கோடையில் பகல் பதினைந்து மணி நேரம். நண்பர் மே முதல் செப்டெம்பர் வரை இலை பறித்து ஊறுகாய் போட்டுவிட்டார். அன்ரியின் செடி ஆள் உயரம், அரும்பு இப்போதுதான் கட்டுகிறது, உறைபனி வாசலில் நிற்கிறது. நேற்று அவர் அந்தச் செடியைப் பார்த்து ஏதோ ஜமேக்காத் தமிழில் சொன்னார். அதாவது, அவருடைய மொழியில், நாம் கோபத்தில் தமிழ் பேசுகிற அதே தொனியில். விளங்கவில்லை, விளங்கியது.

நவம்பர் 2

இந்த வருடம் பொதி தயார். 40. போன முறை பொதியில் 'கலலூ' என்று மட்டும் எழுதியிருந்தேன். இம்முறை எழுதியது: எந்த வருடம், எந்த வளவு, எத்தனை செடியிலிருந்து, தண்டு வழுவழுப்பு, விதை யாரிடம் இருந்து வந்தது. அடியில்: 'ஜூனில் தண்டைத் தடவிப் பார்க்கவும்'.

'யாரிடம் இருந்து' என்பதை நிரப்ப அன்ரியிடம் போய்க் கேட்டேன். அவருடைய ஊர் செயின்ட் எலிசபெத், ஜமேக்காவுக்கே காய்கறி கொடுக்கிற பகுதி. அம்மாவின் தோட்டத்து விதை, பெட்டிக்குள் வந்த விதை என்று ஒரு கதையை நானாகவே மனத்தில் எழுதி வைத்திருந்தேன்.

'அதுவா?' என்றார். 'தேவாலயத்தில் ஒரு கயானாக்காரர் தந்தார். பத்து வருடம் இருக்கும். அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியாது.' ஊரிலிருந்து கொண்டுவந்த விதை முதல் வருடமே முளைக்காமல் போய்விட்டதாம்.

பொதியில் 'கயானாக்காரர் ஒருவர், பிறகு பக்கத்து வீடு, பிறகு நான்' என்று எழுதியிருக்கிறேன். ஊரிலிருந்து விதை கொண்டுவர நினைப்பவர்கள், விமான நிலையத்தில் மறைக்காமல் அறிவியுங்கள், எதற்கு எது வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு.

நவம்பர் 16

நூலக மேசையில் 31 பொதி போயிற்று. பச்சைக் குளிர் சட்டைப் பெண்மணி வந்தார்! ஒட்டிய துண்டைப் பார்த்தாராம், ஆனால் அவர் விதைக்கவே இல்லை, போன வருடப் பொதி இன்னும் கைப்பைக்குள்ளேயே இருந்தது. அதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தேன். பழையது இப்போது என் மேசை மேல் இருக்கிறது, அதற்குள் எத்தனை களை, எத்தனை கலலூ என்று தெரியாமல்.

மீதி ஒன்பது. பிராம்டன்காரருக்கு ஒன்று தபாலில் போட்டேன். வேண்டியவர்கள் தனிமடலில் கேளுங்கள். முகவரியோடு, போன வருடம் என்னிடம் வாங்கினீர்களா என்பதையும் எழுதுங்கள்.